நாலாவது அடுக்கு

இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் எழுதியது நான்தான்.
சமையலறை மேசை, மொட்டைப் பென்சில்,
பட்டாணி சூப் அடிப்பிடிக்கிற வாசனை.
புயல் இரவில் கடற்கரைக் காவலுக்கு
இருவர் இருவராய்ப் போக வேண்டும்.
ஏழாம் கம்பத்திலிருந்து பதினோராம் கம்பம் வரை:
க்ரைன், மரீனுஸ்.
எழுதிய பிறகுதான் யாரோடு யாரைப் போட்டேன் என்று பார்த்தேன்.
அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
அழிக்கவில்லை. சூப்பை இறக்க எழுந்துவிட்டேன்.

தோலன் தீவில் எல்லோருக்கும் தெரியும் அவர்கள் வழக்கு.
பதினெட்டு வருஷம். ஒரு தடுப்பூசியில் தொடங்கியது.
மாட்டு வைத்தியர் மரீனுஸ் மருந்தோடு போய் நின்றார்.
"நோய் அவன் அனுப்புவது. வழிமறிக்க நான் யார்?"
"அப்புறம் மேய்ச்சலுக்கு வேலி எதற்கு?"
ஊசி பெட்டிக்குள் போயிற்று. வேலி அங்கேயே இருக்கிறது.

க்ரைன் காப்பீடும் எடுக்காதவர்.
இடி விழுந்து கொட்டகை எரிந்தபோது
சாம்பலுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார்.
மறுவாரம் ஊர் கூடிக் கூரை போட்டது.
ஆணி கொண்டுவந்தவர் மரீனுஸ்.
"இதுவும் அவன் அனுப்பியதுதானா?"
"ஆணி அவனுடையது. வாய் உம்முடையது."

மரீனுஸ் கடவுளை விட்டவர்.
விட்டவர் விடுதலையானவர் என்றுதான் நினைத்திருந்தேன்.
அவரோ மேசையைத் தட்டிச் சொல்கிறார்:
"நானும் எதையும் தேர்ந்ததில்லை, பீட்டர்நெல்லா.
நரம்பு இழுக்கிறது, கை போகிறது.
கடைசியில் நாக்கு வந்து 'நான்' என்று கையெழுத்துப் போடுகிறது."

ஆக,
ஒருவர் தலையில் எழுதியவன் உண்டு.
மற்றவர் தலையில் எழுத்து மட்டும் உண்டு.
இதற்கா பதினெட்டு வருஷம்?

க்ரைனிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது.
உலகம் உண்டாகும் முன்பே எழுதி முடித்த பேர்களில்
அவர் பேர் உண்டா?
அறுபத்திரண்டு வயது. ஒரு ஞாயிறு தவறியதில்லை.
இராப்போசன மேசைக்கு ஒருமுறையும் எழுந்து போனதில்லை.
அழைக்கப்பட்டவருக்குத்தான் அப்பம்;
அழைப்பு அவர் காதில் விழவில்லை.
கடைசி வரிசையில், உள்ளங்கைகள் தொடைமேல் விரிந்து கிடக்க,
மற்றவர் மெல்வதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

மரீனுஸ் இதை மட்டும் வாதத்துக்கு எடுத்ததே இல்லை.
அதுவும் நரம்புதானா, நான் கேட்கவில்லை.

அன்றிரவு விளக்குப் பிடிக்க நானும் போனேன்.
மணி இரண்டேகால். ஒன்பதாம் கம்பத்தருகே
உள்ளடியில் புல் கொப்பளித்தது. ஊற்று.
கலங்கல் தண்ணீர்: கரை உள்ளுக்குள் கரைகிறது.

ஊற்றை அடைக்கக் கூடாது. அடைத்தால் வேறிடத்தில் பிய்க்கும்.
சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கிக் கிணறாக்கி
தண்ணீர் தன் பாரத்தால் தானே அடங்கும்வரை
உயர்த்திக்கொண்டே போக வேண்டும்.

மூன்று அடுக்கு. கலங்கல் குறைந்தது.
"போதும்" என்றார் மரீனுஸ்.
"இன்னும் ஒன்று."
"உடையும் என்று எழுதியிருந்தால் மூட்டை எதற்கு?"
"தூக்குவான் என்றும் எழுதியிருந்தால்?"
"யார் படித்தது அதை?"
"படிக்கத் தெரியாமல்தானே தூக்குகிறேன்!"

மழை.
பதிலுக்கு வாய் திறந்த மரீனுஸ்
விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தார்.
குனிந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

விளக்கை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினேன்.
யாரும் சொல்லவில்லை. வலித்தது, மாற்றினேன்.
வலித்தும் மாற்றாமல் இருந்திருக்க முடியுமா?
மாற்றிய கைக்கு அது தெரியவில்லை.

விடியும்போது ஊற்று கண்ணாடி.
நாலாவது அடுக்குவரை தண்ணீர் ஏறியதா?
"ஏறியது." "ஏறவே இல்லை."
மழையில் எல்லா மூட்டையும் ஒரே ஈரம்.

கரைமேல் உட்கார்ந்து காப்பி குடித்தோம்.
மரீனுஸ் கோட்டுப்பையிலிருந்து ரொட்டியை எடுத்து
நசுங்கிய பக்கத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு
மறுபாதியை நீட்டினார்.
க்ரைன் கையுறைகளைக் கழற்றினார்.
இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்து வாங்கினார்.

தெர்மோஸ் மூடியைத் தேடுவதுபோல
நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
மூடி என் மடியில்தான் இருந்தது.